மூணாவது ஊசியைத் தவறவிடாதீங்க! மூளைக்காய்ச்சல் தடுப்பூசி குழந்தையின் உடலுக்குள் என்ன செய்கிறது?

'போன மாசம்தானே போட்டோம்... அதே ஊசியை மறுபடியும் எதுக்குப் போடணும்?'

கைக்குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் பல அம்மாக்களின் மனதில் எழும் கேள்வி இது. ஆறாவது வாரம் ஒரு ஊசி, பத்தாவது வாரம் ஒன்று, பதினான்காவது வாரம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் குழந்தை வீறிட்டு அழும். அன்றிரவு லேசாகக் காய்ச்சலடிக்கும். வீட்டில் யாரும் தூங்க முடியாது. 'ரெண்டு ஊசி போட்டாச்சு, புள்ள நல்லாத்தானே இருக்கு. மூணாவதை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பாட்டி சொன்னால், அம்மாவுக்கும் அது சரியென்றே தோன்றும்.

அந்த 'அப்புறம்' ஆபத்தானது. குறிப்பாக, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளின் விஷயத்தில். ஒரே தடுப்பூசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், போட்ட பிறகு உடலுக்குள் என்ன நடக்கிறது, அந்தப் பாதுகாப்பு எத்தனை நாளைக்கு நிற்கும்... விரிவாகப் பார்ப்போம்.

எந்த மூளைக்காய்ச்சல்?

நாம் பொதுவாக 'மூளைக்காய்ச்சல்' என்று சொல்வது ஒரே நோய் அல்ல. கொசு மூலம் பரவி மூளையையே தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஒன்று. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் கிருமி தொற்றி, வீங்கிப்போவது இன்னொன்று. மருத்துவர்கள் 'மெனின்ஜைட்டிஸ்' என்று சொல்லும் இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

இதை வைரஸும் உண்டாக்கும், பாக்டீரியாவும் உண்டாக்கும். பாக்டீரியாவால் வருவதுதான் மிகக் கொடியது. அப்படி வந்தால் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இறந்துபோகிறார், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு தங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிழைத்த குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், வலிப்பு வரலாம், பேச்சும் படிப்பும் பின்தங்கலாம்.

குழந்தைகளிடம் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை மூன்று கிருமிகள். 'ஹிப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே டைப் பி, நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ். (ஹிப்பின் பெயரில் 'இன்ஃப்ளூயன்சா' இருந்தாலும், ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ளூவுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று ஒரு காலத்தில் தவறாக நினைத்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் இது.)

இந்த மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றுமே சர்க்கரையால் ஆன ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன!

சர்க்கரைப் போர்வை

சர்க்கரை என்றதும் காபியில் போடும் சர்க்கரையை நினைக்க வேண்டாம். நீளமான சங்கிலிபோலக் கோக்கப்பட்ட சர்க்கரை மூலக்கூறுகள் அவை. ரத்தத்தில் ரோந்து சுற்றும் வெள்ளை அணுக்கள், இந்தப் போர்வை போர்த்திய கிருமியை எளிதில் பிடித்து விழுங்க முடியாது. வழுக்கிக்கொண்டு போய்விடும்.

போர்வையில் ஒட்டிக்கொள்ளும் 'ஆன்டிபாடி' என்ற புரதம் உடலில் இருந்தால் கதையே மாறிவிடும். ஆன்டிபாடி ஒட்டிய கிருமிமீது கொடி நட்டதுபோல ஆகிவிடும். வெள்ளை அணுக்கள் அதைப் பிடித்து விழுங்கிவிடும். ரத்தத்திலுள்ள வேறு சில புரதங்கள் சேர்ந்து அதன் உடலில் ஓட்டை போட்டும் கொல்லும்.

அப்படியென்றால், சர்க்கரைப் போர்வைக்கு எதிரான ஆன்டிபாடியை குழந்தையின் உடலே தயாரித்துக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். இரண்டு வயது வரை குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு இந்தச் சர்க்கரையை எதிரியாக அடையாளம் காணவே சரியாகத் தெரியாது. புரதத்தைப் பார்த்தால் உஷாராகும். வெறும் சர்க்கரைச் சங்கிலியைப் பார்த்தால், யாரோ வழிப்போக்கர் என்று விட்டுவிடும்.

இதை 1933-லேயே கவனித்துச் சொன்னவர்கள் அமெரிக்காவின் ஃபாதர்கில், ரைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள். பல வயதினரின் ரத்தத்தை எடுத்து, அதற்கு ஹிப் கிருமியைக் கொல்லும் சக்தி இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்துக்கு அந்தச் சக்தி இருந்தது. காரணம், கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்த ஆன்டிபாடிகள். பெரியவர்களின் ரத்தத்துக்கும் இருந்தது. நடுவில், இரண்டு மாதம் முதல் சுமார் மூன்று வயது வரையிலான குழந்தைகளின் ரத்தத்தில்தான் அது மிகக் குறைவாக இருந்தது. மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்கியதும் அதே வயதில்தான்.

அம்மா கொடுத்தது தீர்ந்துபோய், சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்காத காலம் அது. இந்த இடைவெளியை அடைப்பதுதான் தடுப்பூசியின் வேலை.

வாழைப்பழத்துக்குள் மாத்திரை

முதலில் விஞ்ஞானிகள் நேர்வழியில் முயன்றார்கள். கிருமியின் சர்க்கரைப் போர்வையை மட்டும் தனியே பிரித்தெடுத்துத் தடுப்பூசியாகப் போட்டார்கள். 1974-ல் ஃபின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வில் தெரிய வந்தது இதுதான்: ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குப் பலன் இருந்தது. அதற்குக் கீழே பலனே இல்லை. 1985-ல் அமெரிக்காவில் இந்தத் தடுப்பூசி அனுமதி பெற்றபோதும், பெரிய குழந்தைகளுக்கு மட்டும்தான் போட முடிந்தது. நோய் அதிகம் தாக்கும் கைக்குழந்தைகளுக்கு அது உதவவில்லை.

தீர்வு ஒரு பழைய ஆராய்ச்சியில் ஒளிந்திருந்தது. சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிமுறையில் இணைத்துக் கொடுத்தால், உடல் அந்தச் சர்க்கரைக்கும் எதிர்ப்பு காட்டும் என்று 1929-லேயே ஏவெரி, கோபல் ஆகிய ஆய்வாளர்கள் விலங்குகளில் காட்டியிருந்தார்கள். மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் துப்பிவிடும் குழந்தைக்கு வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்போமே, அதே தந்திரம்தான்!

ஜான் ராபின்ஸ் - ரேச்சல் ஷ்னீர்சன் இணை ஒருபக்கம், டேவிட் ஸ்மித் - போர்ட்டர் ஆண்டர்சன் இணை மறுபக்கம் என்று அமெரிக்காவில் இரண்டு அணிகள் இந்த யோசனையை ஹிப் கிருமிக்குப் பயன்படுத்தின. 'கான்ஜுகேட்' தடுப்பூசி, அதாவது இணைப்புத் தடுப்பூசி பிறந்தது. 1990-ல் அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கும் அது வந்தது. அதுவரை அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 20,000 சிறு குழந்தைகள் ஹிப் கிருமியின் கடுமையான தொற்றுக்கு ஆளானார்கள். சில ஆண்டுகளிலேயே அது 99 சதவிகிதம் குறைந்தது. அந்த நால்வருக்கும் 1996-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இணைக்கப்படும் புரதம் எங்கிருந்து வருகிறது? டெட்டனஸ் அல்லது டிப்தீரியா கிருமியின் நஞ்சிலிருந்து, அதன் நச்சுத்தன்மையை நீக்கி எடுத்த புரதம்தான் பெரும்பாலும். இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. கிருமியின் போர்வைத் துண்டு மட்டும்தான். ஆகவே, தடுப்பூசியால் மூளைக்காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை.

ஊசி போட்ட பிறகு உள்ளே நடப்பது என்ன?

குழந்தையின் தொடைத் தசையில் ஊசி இறங்கியதும், அந்த இடத்தில் காவல் செல்கள் வந்து குவியும். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்குவது அதனால்தான். அவை தடுப்பூசித் துணுக்குகளைச் சுமந்துகொண்டு பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகும். நெறி கட்டுகிறது என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு.

அங்கே லட்சக்கணக்கான 'பி' செல்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தைப் பிடிக்கும் கொக்கியோடு பிறந்தவை. அவற்றில் ஹிப்பின் சர்க்கரையைப் பிடிக்கக்கூடிய சில செல்கள் மட்டும் தடுப்பூசியைப் பற்றிக்கொள்ளும். சர்க்கரையை விழுங்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் புரதமும் சேர்ந்து உள்ளே போகும். அந்தப் புரதத்தின் சிறு துண்டை வெளியே எடுத்து, பக்கத்திலிருக்கும் 'டி' செல்லிடம் பி செல் காட்டும். டி செல்லுக்குச் சர்க்கரை புரியாது, புரதம் புரியும். 'இது அந்நியப் பொருள்தான், வேலையை ஆரம்பி' என்று அது உத்தரவு கொடுக்கும். வெறும் சர்க்கரைத் தடுப்பூசியில் கிடைக்காத உத்தரவு இதுதான்.

உத்தரவு கிடைத்த பி செல் பெருகத் தொடங்கும். பெருகும்போது அதன் கொக்கியில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடக்கும். எந்தக் கொக்கி சர்க்கரையை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறதோ, அந்தச் செல் பிழைக்கும். மற்றவை கழிந்துபோகும். மாவைச் சலிப்பதுபோலத் திரும்பத் திரும்ப நடக்கும் இந்தச் சலிப்புக்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

முடிவில் இரண்டு வகை செல்கள் உருவாகும்.

முதல் வகை, ஆன்டிபாடி தயாரிக்கும் செல்கள். இவற்றில் பெரும்பாலானவை சில நாள்களில் மடிந்துவிடும். கொஞ்சம் மட்டும் எலும்பு மஜ்ஜைக்குள் போய் இடம் பிடித்து, நீண்ட காலம் ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வகை, நினைவுச் செல்கள். இவை உடனே எதையும் தயாரிக்காது. கிருமியின் அடையாளத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதே கிருமியோ, அதே தடுப்பூசியோ மறுபடி வந்தால் மளமளவென்று பெருகும்.

ஏன் 6, 10, 14 வாரங்கள்?

ஆறு வாரக் குழந்தையின் உடல், முதல் ஊசியில் கொஞ்சம்தான் ஆன்டிபாடி தயாரிக்கும். நோய் எதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் பாடம் கற்கத் தொடங்குகிறது. எலும்பு மஜ்ஜையிலும் ஆன்டிபாடி செல்களை நீண்ட காலம் வைத்துக் காப்பாற்றும் வசதி முழுதாக வளர்ந்திருக்காது. தயாரான ஆன்டிபாடியும் நிரந்தரம் இல்லை. புதிய உற்பத்தி இல்லாவிட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். அடுப்பில் வைத்த பால் சுண்டுவதுபோலச் சுண்டிக்கொண்டே போகும்.

ஆகவே, இரண்டாவது ஊசி. முதல் ஊசியில் உருவான செல்கள் இப்போது தூண்டப்பட்டு, முன்பைவிட அதிகமாகவும் வேகமாகவும் வேலை செய்யும். மூன்றாவது ஊசியில் இன்னும் உயரும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். முதல் ஊசியின் சலிப்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் முழுப் பலன் கிடைக்காது.

ஹிப் விஷயத்தில் இதற்கு ஓர் அளவுகோலே இருக்கிறது. ஒரு மில்லி லிட்டர் ரத்தநீரில் 0.15 மைக்ரோகிராம் ஆன்டிபாடி இருந்தால் அப்போதைக்குப் பாதுகாப்பு. ஊசிகள் முடிந்த ஒரு மாதத்தில் அது 1 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தால், நீண்ட காலப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தையை அந்த இரண்டாவது கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவதே மூன்று ஊசிகளின் நோக்கம்.

நினைவு இருந்தால் போதாதா?

'நினைவுச் செல்கள்தான் இருக்கின்றனவே, கிருமி வரும்போது அவை பார்த்துக்கொள்ளாதா?' என்று கேட்கலாம். விஞ்ஞானிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். அது முழு உண்மையல்ல என்று பிரிட்டனின் அனுபவம் காட்டியது.

பிரிட்டனில் 1992-ல் ஹிப் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2, 3, 4 மாதங்களில் மூன்று ஊசி, அதோடு சரி. பூஸ்டர் கிடையாது. கூடவே, நான்கு வயதுக்குக் கீழேயுள்ள பெரிய குழந்தைகளுக்கும் ஒருமுறை போட்டார்கள். நோய் மளமளவென்று குறைந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, 1999-க்குப் பிறகு நோய் மெல்லத் தலைதூக்கியது. அதுவும், மூன்று ஊசியும் போட்ட குழந்தைகளிடமே!

அந்தக் குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்தபோது ஆச்சர்யம் காத்திருந்தது. நோய் வந்த பிறகு அவர்களில் பலரது உடல் ஆன்டிபாடியை வேகமாகவும் ஏராளமாகவும் தயாரித்திருந்தது. அதாவது, நினைவு இருந்தது. ஆனால், தாமதமாகிவிட்டது.

இதற்குக் காரணம் வேகம். நினைவுச் செல்கள் விழித்தெழுந்து, பெருகி, போதிய ஆன்டிபாடியைத் தயாரிக்க நான்கு முதல் ஏழு நாள்கள் வேண்டும். மூளைக்காய்ச்சல் கிருமிகள் அத்தனை நாள் காத்திருப்பதில்லை. தொண்டையில் வந்து உட்கார்ந்த சில நாள்களிலேயே ரத்தத்தில் நுழைந்து, மூளையின் உறையை எட்டிவிடக்கூடியவை. வீட்டில் தீப்பிடித்த பிறகு கிணறு தோண்ட முடியாது. தண்ணீர் ஏற்கெனவே தொட்டியில் இருக்க வேண்டும். ரத்தத்தில் எப்போதும் தயாராக இருக்கும் ஆன்டிபாடிதான் அந்தத் தொட்டித் தண்ணீர்.

2003-ல் பிரிட்டன் அரசு நான்கு வயதுக்குக் கீழேயுள்ள குழந்தைகளுக்கு பூஸ்டர் முகாம் நடத்தியது. 2006 முதல் ஒரு வயதில் பூஸ்டர் வழக்கமாகிவிட்டது. நோய் மறுபடி அடங்கியது. மெனிங்கோகாக்கஸ் 'சி' வகைத் தடுப்பூசியிலும் இதே பாடம். 1999-ல் அதைத் தொடங்கிய முதல் நாடு பிரிட்டன். கைக்குழந்தையாக இருக்கும்போது போட்ட ஊசியின் பாதுகாப்பு ஓராண்டிலேயே வெகுவாகக் குறைவது தெரிந்ததும், ஒரு வயதில் பூஸ்டர் சேர்க்கப்பட்டது. பின்னர், பதின்பருவத்தினருக்கும் ஒன்று வந்தது.

ஒரு வயதில் போடும் பூஸ்டருக்கு ஏன் இத்தனை பலம்? முதல் ஊசிகளுக்கும் அதற்கும் நடுவே பல மாத இடைவெளி. அதற்குள் நினைவுச் செல்கள் நன்றாகச் சலிக்கப்பட்டு, சிறந்தவை மட்டும் மிஞ்சியிருக்கும். எலும்பு மஜ்ஜையும் முன்பைவிட வளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் தூண்டினால் ஆன்டிபாடி பல மடங்கு எகிறும், மெதுவாகத்தான் இறங்கும்.

ஊசி போடாத குழந்தைக்கும் காவல்

இந்தக் கிருமிகள் வாழும் இடம் மூளை அல்ல, மூக்கும் தொண்டையும்தான். ஆரோக்கியமாக இருக்கும் பலரது தொண்டையில் எந்தத் தொந்தரவும் தராமல் அவை குடியிருக்கும். இருமல், தும்மல், முத்தம் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும். அபூர்வமாகச் சிலரிடம் மட்டும் ரத்தத்துக்குள் நுழைந்துவிடும்.

கான்ஜுகேட் தடுப்பூசியின் பெரிய பலமே, தொண்டையில் கிருமி குடியேறுவதையும் அது குறைக்கிறது என்பதுதான். பிரிட்டனில் 'சி' வகைத் தடுப்பூசி போட்ட ஓராண்டில், 15 முதல் 17 வயது மாணவர்களின் தொண்டையில் அந்தக் கிருமி இருப்பது 66 சதவிகிதம் குறைந்தது. அக்காவின் தொண்டையில் கிருமி இல்லையென்றால், தொட்டிலில் இருக்கும் தம்பிக்கு அது எப்படி வரும்?

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா இதற்கு நல்ல சாட்சி. 1997-ல் அந்த ஏழை நாடு ஹிப் தடுப்பூசியை எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு, ஒரு வயதுக்குக் கீழேயுள்ள ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஹிப் மூளைக்காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. 2002-ல் ஒருவருக்குக்கூட இல்லை. பூஸ்டர் இல்லாமலே இது நடந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசி போய்ச் சேர்ந்ததால், கிருமிக்கு ஊரில் தங்க இடமில்லாமல் போனது.

இந்தியாவுக்குப் பெருமை சேர்த்த கதை ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்காவின் குறுக்கே, செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் பகுதியை 'மூளைக்காய்ச்சல் பட்டை' என்கிறார்கள். 1996-97-ல் அங்கே பரவிய மெனிங்கோகாக்கஸ் 'ஏ' வகைக் கொள்ளைநோய் சுமார் 2.5 லட்சம் பேரைத் தாக்கி, 25,000 பேரின் உயிரைக் குடித்தது. அவர்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு தடுப்பூசியை, புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்துக் கொடுத்தது. விலை, அரை டாலருக்கும் கீழே! 2010 டிசம்பரில் புர்கினா ஃபாஸோவில் தொடங்கி, 1 முதல் 29 வயது வரை எல்லோருக்கும் போட்டார்கள். கிருமி அதிகம் உலவுவது பெரிய பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் என்பதால்தான் 29 வயது வரை. 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் 'ஏ' வகை நோய் உறுதிசெய்யப்படவில்லை.

நம் ஊர் அட்டவணையில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் ஹிப் தடுப்பூசி, 'பென்டாவேலன்ட்' என்ற ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் ஒன்றாக வந்தது. நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும்தான். 2011 டிசம்பரில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவியது. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-ல் தமிழ்நாட்டின் அட்டவணையில் சேர்ந்தது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவை அனைத்தும் இலவசம்.

* பிறந்தவுடன்: பி.சி.ஜி. சிறு குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து காக்கும்.
* 6, 10, 14 வாரங்கள்: பென்டாவேலன்ட். இடது தொடையில் போடுவார்கள். ஹிப், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகிய ஐந்தையும் தடுக்கும்.
* 6, 14 வாரங்கள், 9 மாதம்: நிமோகாக்கல் கான்ஜுகேட் தடுப்பூசி. ஒன்பதாவது மாதத்தில் போடுவது பூஸ்டர்.
* 9 மாதம், 16-24 மாதம்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, அந்த நோய் இருக்கும் மாவட்டங்களில் மட்டும்.

கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். நிமோகாக்கஸுக்கு பூஸ்டர் இருக்கிறது, ஹிப்புக்கு அரசு அட்டவணையில் பூஸ்டர் இல்லை. ஒன்றரை வயதில் போடுவது டி.பி.டி பூஸ்டர்தான், அதில் ஹிப் கிடையாது. இது குறையா?

நோய் எந்த வயதில் அதிகம் தாக்குகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் ஒன்றரை வயதுக்குள்ளேயே நோய் அதிகம் தாக்கும் நாடுகளில், சீக்கிரமே மூன்று ஊசியையும் முடித்துவிடுவது முக்கியம். காம்பியாவில் பலன் கொடுத்த வழியும் அதுதான். தனியார் மருத்துவமனைகளில் பின்பற்றப்படும் இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணையில், 16-18 மாதத்தில் ஹிப் பூஸ்டரும் உண்டு. வசதியுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பூஸ்டர் இல்லாத அட்டவணையில் முழுப் பாரத்தையும் தாங்குவது அந்த மூன்று ஊசிகள்தான். ஆகவேதான், மூன்றாவது ஊசி 'போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி' என்ற ரகம் அல்ல.

பெற்றோர் கேட்கும் சில கேள்விகள்

ஒரு ஊசி தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

தேவையில்லை. நினைவுச் செல்கள் மறப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால், தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பாதுகாப்பு குறைவாக இருக்கிறது. தாய் சேய் நல அட்டையோடு கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தால், அடுத்து எதை எப்போது போடுவது என்று சொல்வார்.

சளி பிடித்திருக்கிறது. ஊசி போடலாமா?

லேசான சளி, இருமலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். அதிகக் காய்ச்சல் இருந்தாலோ, முந்தைய ஊசியின்போது வலிப்பு, மூச்சுத்திணறல் போன்றவை வந்திருந்தாலோ மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தால்?

ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், வீக்கம், சிணுங்கல் சகஜம். செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்ப்பது, எண்ணெயோ மஞ்சளோ பூசுவது கூடாது. போட்டவுடன் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே காத்திருப்பது அவசியம்.

மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசி எல்லோருக்கும் தேவையா?

அரசின் வழக்கமான அட்டவணையில் அது இல்லை. ஹஜ் பயணம் போகிறவர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தைகள், சிலவகை எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உள்ளவர்கள், விடுதியில் தங்கிப் படிக்க வெளிநாடு செல்லும் மாணவர்கள் போன்றோருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளை ஒரே ஊசி தடுக்கும். 'பி' வகை மட்டும் தனி. அதன் சர்க்கரைப் போர்வை, நம் நரம்பு செல்களில் இயல்பாகவே இருக்கும் ஒரு சர்க்கரையை ஒத்திருக்கிறது. ஆகவே, அதற்கு மட்டும் புரதங்களைக் கொண்டு வேறு வழியில் தடுப்பூசி செய்தார்கள். அதை எல்லாக் குழந்தைகளுக்குமான அட்டவணையில் 2015-ல் சேர்த்தது பிரிட்டன்.

இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே மருத்துவமனை!

தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் வேறு வகைக் கிருமியால் மூளைக்காய்ச்சல் வரலாம். ஆகவே, இவற்றை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

* காய்ச்சலோடு பால் குடிக்க மறுப்பது, தொடர் வாந்தி
* தூக்கிவைத்துக் கொண்டாலும் அடங்காத, கீச்சென்ற அழுகை
* எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடப்பது
* உச்சிக்குழி புடைத்திருப்பது
* வலிப்பு
* பெரிய குழந்தைகளுக்குக் கடும் தலைவலி, கழுத்தைக் குனிய முடியாமை, வெளிச்சம் பார்க்கக் கூச்சம்
* அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள்

கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைப்பு இல்லாமலும் இந்த நோய் இருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சை உயிரையும் காதையும் காப்பாற்றும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், இப்போதே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 14 வாரத்துக்கு நேரேயும், 9 மாதத்துக்கு நேரேயும் தேதி எழுதியிருக்கிறதா? காலியாக இருந்து, அந்த வயதும் தாண்டியிருந்தால், வரும் புதன்கிழமையே பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.